கணக்குப் பெட்டியின் திறப்பு யாரிடம்?

கோதுமைக் கப்பலையும் கிளிங்கர் கப்பலையும் பார்த்துப் பழகிய திருகோணமலை வியாபாரிகளுக்கு, கொள்கலன் என்றால் கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கும் பெட்டிதான். உள்ளே இருப்பது டயரா, பருப்பா என்று கிரேன் கேட்பதில்லை. 1956இல் அமெரிக்காவில் மெல்கம் மெக்லீன் இத்தகைய 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதே யுக்தியை 2013இல் மென்பொருளுக்குக் கொண்டுவந்தது டொக்கர். ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இலகு. டொக்கரின் சின்னமே கொள்கலன் சுமக்கும் திமிங்கலம். எமது கடலுக்கும் திமிங்கலம் வருகிறது, சரக்கு மட்டும் கொண்டு வருவதில்லை.

நகரில் ஒரு கடை, கிண்ணியாவில் ஒரு கிளை, சீனக்குடாப் பக்கம் ஒரு களஞ்சியம் என்று வைத்திருப்பவருக்கு இது பயன்படும். மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற இலவசக் கணக்கு மென்பொருளை இப்படிப் பெட்டியாகவே இறக்கலாம். பெட்டிகள் கூடும்போது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது எல்லோராலும் முடியாது. அதற்குத்தான் போர்ட்டைனர் போன்ற கருவிகள். பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், எந்தப் பெட்டி ஓடுகிறது, எது நின்றது என்று காட்டும், பட்டனை அழுத்தினால் மீண்டும் இயங்கும். இதன் சமூகப் பதிப்புக்குப் பணம் இல்லை.

நான் இதை ஆதரிப்பவன்தான். ஆனால் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். அந்த ஒரு பக்கத்தின் கடவுச்சொல் எவரிடம் இருக்கிறதோ, அந்தக் கணினி முழுவதும் அவரிடம்தான். கடன் கொப்பி, கொள்முதல் விலை, வாடிக்கையாளர் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதற்குள். பொருத்த வந்த பையனிடமே கடவுச்சொல்லை விட்டுவிட்டு, "அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லும் முதலாளிமாரைக் காண்கிறேன். இரும்புப் பெட்டியின் திறப்பை இப்படிக் கொடுப்பார்களா?

கருவியை நிறுவியதும் முதல் சில நிமிடங்களுக்குள் நிர்வாகிக் கணக்கை உருவாக்க வேண்டும், தாமதித்தால் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அந்த நேரம் முதலாளி பக்கத்தில் அமர்ந்து, கடவுச்சொல்லைத் தாமே தட்டட்டும். ஊழியருக்கு வேறு கணக்கு கொடுக்கலாம். இந்தப் பக்கம் வழக்கமாக 9443 என்ற வாயிலில் திறக்கும். ரவுட்டரில் அதை இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம். வீட்டிலிருந்து பார்க்க விரும்பினால் விபிஎன் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது பிரதி. பெட்டியை அழித்தால் அதற்குள் எழுதியதும் போய்விடும், ஆகவே கணக்குகளை "வொலியூம்" எனும் தனி இடத்தில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த வொலியூமின் பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினி மீது கப்பம் கேட்கும் வைரஸ் பாய்ந்தபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அரசாங்கம் தாங்கிக்கொள்ளும். பெருநாள் வியாபாரத்துக்குக் கடன் கொடுத்தவரின் கணக்கு அழிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

2022இல் 13 மணிநேரம் மின்சாரம் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் வந்ததும் பெட்டிகள் தாமாகவே எழும்பும்படி அமைக்க ஒரு தெரிவு உண்டு, அதையும் போடச் சொல்லுங்கள்.

ஒரேயொரு மடிக்கணினியில் பில் அடிக்கும் கடைக்கு இவை எதுவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுத்தால் போதும், அந்தப் பென் டிரைவை மடிக்கணினிப் பைக்குள்ளேயே வைக்காமல்.