தாத்தாவோட ராஜ்தூத்தும் என்னோட உடைஞ்ச வெல்டிங்கும்

கடைப்பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, அதனால உண்மையைச் சொல்லிடறேன். சனி, ஞாயிறு எல்லாம் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில போயிடுச்சு. ஒரு பைக்குக்கு முன் சஸ்பென்ஷன் செஞ்சுட்டு இருந்தேன். கவனிக்க, வாங்கி மாட்டிட்டு இருக்கலை, செஞ்சுட்டு இருந்தேன். அந்த 'இருந்தேன்'ல இருக்கற இறந்தகாலம்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய ராஜ்தூத் இருந்துச்சு. திண்டிவனம் பக்கம் அந்த வண்டிதான் பால் கேன், உர மூட்டை, பாட்டி எல்லாத்தையும் சுமந்தது. நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது டேங்க் மேல உக்கார வச்சு கூட்டிட்டுப் போவார். அவர் பிரேக் பிடிச்சா மத்த வண்டிங்க மாதிரி அது முன்னாடி குனியாது. லேசா மூக்கைத் தூக்கும். "ராஜா வண்டிடா, யாருக்கும் தலை குனியாது"ம்பார் தாத்தா. நானும் அதை அப்படியே நம்பிட்டேன்.

இஞ்சினியரிங் முடிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் காரணம் புரிஞ்சது. ராஜ்தூத் 175 போலந்து நாட்டு எஸ்.எச்.எல். எம்11 வண்டியோட வாரிசு. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1960-கள்ல இங்க கொண்டு வந்தது. ஆரம்பகால ராஜ்தூத்துல முன்பக்கம் இருந்தது இன்னிக்கு நாம பாக்குற குழாய்க்குள்ள குழாய் ஃபோர்க் இல்லை, எர்ல்ஸ் ஃபோர்க். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் இருக்கில்ல, அதே மாதிரி ஒண்ணை முன்பக்கமும் மாட்டினா எப்படி இருக்கும், அதான். எர்னஸ்ட் எர்ல்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் யோசிச்சது. பி.எம்.டபிள்யூ 1955-லேர்ந்து 1969 வரைக்கும் தன்னோட பைக்குகள்ல இதைத்தான் போட்டாங்க. பிரேக் பிடிக்கும்போது பிரேக்கோட முறுக்கம் அந்தக் கை வழியா வண்டியை மேல தள்ளும். தாத்தா சொன்ன ராஜ கம்பீரம் இதுதான். ஹ்ம்ம்.

சரி, இப்ப உங்க வண்டியைப் பாருங்க. அனேகமா டெலஸ்கோபிக் ஃபோர்க்தான் இருக்கும். எண்ணெய் ஊத்தின டேம்பரோட இதை முதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்ததும் அதே பி.எம்.டபிள்யூதான், 1935-ல. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷமா உலகமே அதுலதான் ஓடுது. ஆனா அந்த ரெண்டு குழாய்கிட்ட நாம கேக்குற வேலையைப் பாருங்க. வண்டியைத் திருப்பணும், பள்ளத்தை முழுங்கணும், பிரேக் போட்டா அந்த வேகத்தையும் தாங்கணும். மூணு பேர் வேலையை ஒரே ஆள்கிட்ட குடுத்தா என்ன ஆகும்னு ஆணி பிடுங்குற உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஒரு சின்ன கணக்கு. வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. நல்லா அழுத்திப் பிரேக் பிடிச்சா 0.8 'ஜி' வரும்னு வச்சுக்குங்க. டயர் தரையைத் தொடுற இடத்துல சுமார் 160 கிலோ எடை பின்னால இழுக்குது. அங்கேர்ந்து கீழ்ப்பக்க ஸ்டீயரிங் பேரிங் 70 சென்டிமீட்டர் மேல இருக்கு. ஆக அந்த இடத்துல கிட்டத்தட்ட 1100 நியூட்டன் மீட்டர் வளைக்குற விசை. முன் ஆக்சில் நட்டை நாம முறுக்குறதே 60 சொச்சம்தான். இப்படி வளையுற குழாய்க்குள்ளதான் இன்னொரு குழாய் வழுக்கிட்டுப் போகணும். பிரேக் பிடிச்ச நேரத்துல பள்ளம் வந்தா மணிக்கட்டு ஏன் வலிக்குதுன்னு இப்ப புரியுதா?

இதுக்கு மாற்று தேடின ஆளுங்க நிறைய. அவங்கள்ல எனக்குப் பிடிச்சவர் நார்மன் ஹோசாக். மெக்லாரன்ல கார் வேலை பார்த்தவர். 1979-ல ஒரு ஹோண்டா எக்ஸ்.எல். 500 இன்ஜினை வச்சு சொந்தமா ஒரு பைக் செஞ்சார். கார்ல இருக்கற மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கை; அந்தக் கைகளோட நுனியில பால் ஜாயின்ட்; அதுல சக்கரத்தைப் பிடிச்ச நிமிர்ந்த சட்டம். பிரேக் விசை அந்தக் கைகளை வளைக்காது. கைகளை நேரா இழுக்கும், தள்ளும், அவ்ளோதான். எர்ல்ஸ் மாதிரி மூக்கையும் ஓவராத் தூக்காது. குனியுறதை நாமளே வேணுங்கற அளவுக்கு வச்சுக்கலாம்.

நியூசிலாந்துல ஜான் பிரிட்டன்னு ஒருத்தர் இதே வழியில கார்பன் ஃபைபர்ல முன்பக்கம் செஞ்சு, கிறைஸ்ட்சர்ச்ல தன்னோட ஷெட்டுல பிறந்த வி1000 பைக்கை உலகத் தரத்து ரேஸ்ல ஜெயிக்க வச்சார். 1995-ல, 45 வயசுல, கேன்சர்ல போய்ட்டார். பி.எம்.டபிள்யூ 2004-ல கே1200எஸ் வண்டியில 'டுவோலீவர்'ங்கிற பேர்ல ஹோசாக் வழியைக் கொண்டு வந்தாங்க. அதுக்குள்ள பேட்டன்ட் காலாவதி. ஹோசாக்குக்கு ராயல்டி பைசா வரலை. சாஃப்ட்வேர்காரனுக்கு இந்தக் கதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்குமே?

நம்ம ஊர்க்கதையும் இருக்கு. சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்கற ராயல் என்ஃபீல்டு, 2024 நவம்பர்ல மிலான்ல 'ஃப்ளையிங் ஃப்ளீ சி6'ங்கிற எலக்ட்ரிக் பைக்கைக் காட்டினாங்க. முன்பக்கம் கர்டர் ஃபோர்க்! ரெண்டாம் உலகப்போர்ல விமானத்துலேர்ந்து இறக்கின அந்தக் காலத்து ஃப்ளையிங் ஃப்ளீயிலயும் கர்டர்தான், ரப்பர் வளையத்துல தொங்கும்.

இதையெல்லாம் படிச்சுட்டு ஒருத்தன் சும்மா இருப்பானா? தேனாம்பேட்டையில எல்டாம்ஸ் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல என் வீடு. மாடிப்படிக்கு அடியில ஒரு பழைய 150 சிசி பைக் தூங்கிட்டு இருந்துச்சு. முதல்ல அட்டையில கைகளை வெட்டி டிராயிங் பின் குத்தி ஆட்டிப் பார்த்தேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல. அப்புறம் பிளைவுட்ல. அப்புறம் புதுப்பேட்டையில ஒரு காருக்குப் போடுற பால் ஜாயின்ட் நாலு வாங்கிட்டு (ரெண்டு போதும், பயத்துல நாலு) லேத் அண்ணாச்சி முன்னாடி போய் நின்னேன்.

அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நான் கேட்டு வெல்டிங் பண்ணுவேன், கிரில் பண்ணுவேன். இது ஆள் உசுரு. மாட்டேன்" அப்படின்னார். நாலு வாரம் டீ வாங்கிக் குடுத்தேன். கடைசியில ஒரு கண்டிஷன் போட்டார்: வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடி பட்டறையில இழுத்துப் பார்க்கணும், உன் கணக்கு என்னவோ அதுக்கு ரெண்டு மடங்கு.

அப்படியே செஞ்சோம். சட்டத்தை ஒரு இரும்பு மேசையில போல்ட் போட்டு இறுக்கி, செயின் பிளாக் மாட்டி, நடுவுல தொங்கு தராசு. 100 கிலோ, ஒண்ணும் ஆகலை. 160, என் கணக்கு. ஒண்ணும் ஆகலை! நான் போனை எடுத்து போட்டோவே பிடிச்சுட்டேன். அண்ணாச்சி மட்டும் சங்கிலியை விடலை. 200. 220. 230 தாண்டும்போது 'டக்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். கீழ் மூட்டுல வெல்டிங்கை ஒட்டி சட்டம் பிளந்து நிக்குது.

தப்பு அண்ணாச்சியோடது இல்லை, முழுக்க என்னோடது. சட்டம் எங்க அதிகமா வளையுமோ அங்கயே குழாயைத் திருப்பி, அங்கயே வெல்டிங்கும் வச்சிருந்தேன். சூடு பட்ட இரும்பு அந்த ஓரத்துலதான் பலவீனம். முட்டுக்கு ஒரு முக்கோணத் தகடு கூட வைக்கலை. 160-ல நிறுத்தியிருந்தா மறுநாள் காலையில அண்ணா சாலையில ஓட்டியிருப்பேன். இரும்புக்கு இன்னொரு குணம் உண்டு: ஒரு தடவை 160 தாங்கினது ஆயிரம் தடவையும் தாங்கும்னு இல்லை, களைச்சுப் போய் அதுக்குக் கீழயே உடையும். என்னிக்கோ ஒரு நாள் நந்தனம் சிக்னல்கிட்ட, பின்னாடி பஸ் வரும்போது... அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இப்ப மேட்டருக்கு வர்றேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவு: தயாரிப்பாளர் குடுத்த அமைப்புலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், கேரள ஹைகோர்ட் தீர்ப்பை மாத்தி இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும்.

இந்த மாதிரி சமயத்துல "நம்ம நாடு புதுமையை வளர விடாது"ன்னு பொங்குறது வழக்கம். மூணு மாசம் முன்னாடின்னா நானும் பொங்கியிருப்பேன். இப்ப முடியலை. உடைஞ்ச துண்டு என் மேசை மேல மானிட்டர் பக்கத்துல உக்காந்திருக்கு. ரோட்டுல என் முன் சக்கரம் என் சொந்த விஷயம் இல்லை. கம்பெனிங்களுக்கே சறுக்குது: நம்ம கிருஷ்ணகிரியில தயாராகுற ஓலா ஸ்கூட்டர்ல முன் ஃபோர்க் உடைஞ்சதா புகார்கள் வந்தப்புறம், 2023 மார்ச்ல புது டிசைன் ஃபோர்க்கை இலவசமா மாத்தித் தர்றோம்னு அறிவிச்சாங்க. அங்க கூப்பிட ஒரு கம்பெனி இருந்துச்சு, யார் யார்கிட்ட வண்டி இருக்குன்னு பட்டியல் இருந்துச்சு. நான் செஞ்ச வண்டியை நாளைக்கு ஒருத்தருக்கு வித்துட்டா, அவரை யார் கூப்பிடுவா?

ஆனா தடை மட்டுமே பதில்னு சொல்றதும் எனக்கு ஒத்துக்கலை. என் தப்பைக் கண்டுபிடிச்சது சட்டம் இல்லை, செயின் பிளாக். சோதனை. சட்டம் இப்ப என்ன பண்ணுது? சோதனைக்கு வர்ற வழியை மூடிட்டு, பிடிபட்டா மட்டும் அபராதம்ங்குது. அதனால செய்யறவன் செய்யாம இருக்கானா? இல்லை, சத்தமில்லாம செய்யறான். நம்ம ஊர் மீன்பாடி வண்டியைப் பாருங்க. பழைய டூவீலர் இன்ஜினை மாட்டி, பட்டறையில வெல்டிங் அடிச்சு, சிமெண்ட் மூட்டையோட மவுண்ட் ரோட்டுலயே போகுது. அதோட முன் ஃபோர்க்கை யாராச்சும் இழுத்துப் பார்த்திருப்பாங்களா?

சட்டத்துல ஏற்கெனவே சின்னச் சின்ன கதவுங்க இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாத்திக்கலாம். அந்தப் பக்கச் சக்கரங்கள்ல நிறைய, சாதாரணப் பட்டறைகள்ல மாட்டினதுதான். அனுமதி வாங்கின கேஸ் கிட் மாட்டிக்கலாம். அப்ப மாற்றமே ஆகாதுன்னு இல்லை, பார்த்து விடுறதுக்கு ஆள் வேணும். இங்கிலாந்துல தனி ஆள் செஞ்ச பைக்கை ஒத்த வண்டியா எடுத்துட்டுப் போய் சோதனை பண்ணி, தேறினா நம்பர் வாங்கலாம். அதுக்குன்னே தனி ஏற்பாடு இருக்கு. இங்க ஒரகடத்துலயே வண்டிகளைச் சோதனை பண்ற பெரிய மத்திய அரசு மையம் இருக்கு. மாசத்துல ஒரு நாள் தனி ஆளுங்களுக்கு ஒதுக்கட்டும். கட்டணம் வைக்கட்டும், கடுசா கூட வைக்கட்டும். படமும் கணக்கும் குடுக்கணும், அவங்க கண்ணு முன்னாடி இழுத்துக் காட்டணும், தேறினா அந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஆர்.சி.யில எழுதட்டும். தேறலைன்னா திருப்பி அனுப்பட்டும். என்னோடது முதல் தடவை தேறியிருக்காது. அதுக்குத்தான் கேக்கறேன்.

அது வர்ற வரைக்கும்? ஆசைப்படுற தம்பி தங்கச்சிங்களுக்கு என் கருத்து ரெண்டே வரிதான். செய்யுங்க, கட்டாயம் செய்யுங்க. நாலு வருஷம் படிச்சதுல புரியாதது எனக்கு அந்த 'டக்'ல புரிஞ்சது. ஆனா ரோட்டுல ஓட்டாதீங்க. அந்தக் காலத்துல சோழவரம் பழைய விமான ஓடுபாதையில வீட்டுல செஞ்ச வண்டிங்களையும் கொண்டு போய் விரட்டினாங்க. 1990-லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில டிராக் இருக்கு. மூடின இடத்துல, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டு, நம்ம தப்புக்கு நாம மட்டுமே பொறுப்பா இருக்கற இடத்துல ஓட்டுவோம்.

என் பைக்குல இப்போதைக்குப் பழைய ஃபோர்க்கையே திரும்ப மாட்டிட்டேன். ரெண்டாவது சட்டம் வரைஞ்சாச்சு, முக்கோணத் தகடோட. அண்ணாச்சிகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "இந்த தடவை மூணு மடங்கு இழுப்போம்"னார். டீ மறுபடி என் கணக்குதான்.

டிஸ்கி: ராஜ்தூத்தை ஓட்டின பெரிசுங்க யாராச்சும் இங்க இருந்தா, பிரேக் பிடிச்சா நிஜமாவே மூக்கைத் தூக்குமான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தாத்தா சொன்னதுக்கு எனக்கு ஒரு சாட்சி வேணும்.