பெரும்பீரங்கியும் வண்டிமாடும்

போர்விளையாட்டு விதிநூல்கள் பெரும்பீரங்கிக்கு வழக்கமாக மூன்று வரம்புகளை விதிக்கின்றன. மெதுவாகத்தான் சுடும், திசை திருப்புவது கடினம், நகர்ந்த முறையில் சுட முடியாது. மூன்றும் சரியானவையே. ஆனால் மூன்றும் பீரங்கி களத்துக்கு வந்து சேர்ந்த பிறகு தொடங்குபவை. தமிழ்நாட்டு மண்ணில் நடந்த 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் பெரும்பீரங்கி பட்ட பாடு பெரும்பாலும் அதற்கு முன்பே, வழியிலேயே தொடங்கிவிட்டது. அந்தப் போர்களை மேசைக்குக் கொண்டுவர விரும்புவோர் விதிகளை எழுதத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

இன்றைய விதிகளுக்கு மூலமான பிரஷ்ய ஆட்டத்தை 1824இல் வெளியிட்ட ரைஸ்விட்ஸ் ஒரு பீரங்கிப்படை அதிகாரி. பீரங்கிக் குண்டின் விளைவு தரையைப் பொறுத்து மாறும் என்பதை அவர் பகடைக்குள்ளேயே கொண்டுவந்தார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலில், பீரங்கிக்கு ஆறு அங்குலத்துக்குள் நான்கு வீரராவது இல்லாவிட்டால் அது செயல்படாது. சிறுவர்களுக்கும் புரியும் இந்த எளிய விதி, ஆள் இல்லாத பீரங்கி வெறும் இரும்பு என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறது. 1985இல் வந்த ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ இன்னும் நுணுக்கமானது. பீரங்கியைக் கையால் தள்ளுவதற்கென்று அதில் தனி எண் உண்டு. தொலைவிலிருந்து சுடும் பீரங்கிகளை அழைக்க முதலில் வானொலித் தொடர்பு கிடைக்க வேண்டும். பிறகு உருவும் சீட்டு கறுப்பாக வர வேண்டும். அடையாளக் குண்டும் சரியான இடத்தில் விழ வேண்டும். ஆணையிட்ட கணத்தில் குண்டு விழாது என்பதை இந்த அளவுக்கு வலியுறுத்திய ஆட்டங்கள் குறைவு. ஆனாலும் இவை எல்லாவற்றிலும் இழுவைமாடு, பாதை, மழை ஆகியவை ஆட்டம் தொடங்குமுன் நடந்து முடிந்த செய்திகளாகவே நின்றுவிடுகின்றன.

எலவனாசூர்கோட்டைச் சுற்றுவட்டாரம் இந்தக் குறையைச் சோதித்துப் பார்க்க ஏற்ற களம். பெயரிலேயே கோட்டையைத் தாங்கிய இந்த ஊரும், மேற்கே ஒரு நாள் நடைக்குள் குன்றின்மேல் நிற்கும் தியாகதுருகமும் கர்நாடகப் போர்களின் பாதையில் இருந்தவை. புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ வரும் படை, நன்செய் வயல்களையும் ஏரிக்கரைகளையும் ஓடைகளையும் கடந்துதான் கல்வராயன் மலையடிவாரத்தை நெருங்க முடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல்மண் சேறாகும். அந்தச் சேற்றில் காலாள் நடந்துவிடுவான், குதிரையும் தட்டுத்தடுமாறிப் போய்விடும், ஆனால் கோட்டை உடைக்கும் பீரங்கி அச்சுவரை புதைந்து நிற்கும்.

அந்தக் காலத்தில் மதில் உடைக்க நம்பியிருந்த 24 ராத்தல் பீரங்கியின் இரும்புக் குழல் மட்டுமே ஏறத்தாழ இரண்டரை டன். அதைத் தூக்கி நிறுத்தும் மரவண்டியின் எடை தனி. ஒரு குண்டு 24 ராத்தல். அதற்கு மருந்து குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 8 ராத்தல். நூறு முறை சுட 3,200 ராத்தல், அதாவது சுமார் 1,450 கிலோ. ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்று கொண்டால், ஒரே ஒரு பீரங்கியின் நூறு குண்டுக்கே பதினான்கு, பதினைந்து மாடுகள் வேண்டும். இதில் பீரங்கியை இழுக்கும் மாடுகள் சேரவில்லை. அவற்றின் தீவனமும் சேரவில்லை. மதிலைப் பிளக்க நூறு குண்டு போதவும் போதாது.

இந்தக் கணக்கு தவறியவர்களின் பட்டியலில் பெரிய பெயர்கள் இருக்கின்றன. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டபோது வண்டிமாடும் மருந்தும் பற்றாக்குறையாகவே இருந்தன. காரைக்காலுக்கு அருகே நடந்த கடற்போரின் செய்தி வந்ததும் ஆகஸ்டில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். 1791 மே மாதத்தில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்றார். அரிகெரேயில் போரில் வென்றும் இருந்தார். ஆயினும் மாடுகள் மடிந்துவிட்டதால் கோட்டை உடைக்கக் கொண்டுவந்த பெரும்பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. களத்தில் வென்ற படை மாட்டுப்பஞ்சத்தால் திரும்பிப் போனதை எந்தத் தாக்குதல் அட்டவணையும் காட்டாது. மறு ஆண்டு அவர் திரும்பி வந்தபோது செய்த ஆயத்தம் முதன்மையாகப் பொதிமாடு, தானியம் ஆகியவற்றைத் திரட்டும் ஆயத்தமே.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அரை மணி நேரச் சண்டையைக் காட்டும் களநிலை ஆட்டத்தில் தீவனக் கணக்கு எதற்கு, அது போர்த்தொடர் ஆட்டத்தின் வேலையல்லவா என்று கேட்பார்கள். கணக்கு வேண்டாம் என்பது சரி, விளைவு வேண்டும். பீரங்கியை இழுத்து வந்த கூலி வண்டிக்காரர் சண்டை தொடங்கியதும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவது அக்காலத்தில் சாதாரணம். ஆகவே இறக்கிய பெரும்பீரங்கி ஆட்டம் முடியும்வரை அசையாது என்ற ஒரே விதி பக்கம் பக்கமான அட்டவணையைவிட உண்மையானது. குண்டிருப்பை ஆட்டத் தொடக்கத்தில் நடுவர் மட்டும் அறிந்த எண்ணாக வைத்தால், தளபதி ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் சுடுவார். மழை நாளில் அணிவகுப்பைத் தொடங்கும் பக்கம், பெரும்பீரங்கி வந்து சேர்ந்ததா என்பதற்கே பகடை உருட்ட வேண்டும். நவீன ஆட்டங்களுக்கும் இது பொருந்தும்: 1999 கார்கில் போரில் 155 மி.மீ. போபர்ஸ் பீரங்கிகள் எதிரி நிலைகளை நேர்குறியில் தாக்கிய வலிமையை எழுதும் விதியாளர், மெல்லிய காற்றில் சமவெளியின் தூர அட்டவணை பிழைத்துப்போகும் என்பதையும் எழுத வேண்டும்.

வெற்றி நிபந்தனையும் மாற வேண்டும். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, செஞ்சி போன்ற மலைக்கோட்டையை நீண்ட முற்றுகை இல்லாமல் ஒரே இரவில் வாயில்களைத் தகர்த்தும் ஏறியும் பிடித்தது. தியாகதுருகமோ பிரஸ்டனின் ஆங்கிலப் படைக்கு வாரக்கணக்கில் நீண்ட முற்றுகைக்குப் பிறகே, 1761 தொடக்கத்தில் பணிந்தது. 1790 இறுதியில் திப்பு சுல்தானின் படை அதே கோட்டையைத் தாக்கியபோது கேப்டன் பிளின்ட் அதைக் காத்துவிட்டார். குன்றின்மேல் உள்ள மதிலுக்குக் கீழிருந்து பீரங்கியை நிமிர்த்தி அடிப்பது கடினம். பாறையில் அகழி வெட்டி நெருங்குவதும் கடினம். எனவே இப்பகுதிக் காட்சிகளை அமைப்போர், காத்திருப்பது, இரவில் ஏறுவது, பீரங்கிக்காகப் பாதை வெட்டுவது ஆகிய மூன்றையும் உண்மையான தெரிவுகளாக ஆட்டக்காரர் முன் வைக்க வேண்டும். பீரங்கி வந்தால் கோட்டை விழும் என்று முன்கூட்டியே தீர்மானித்த காட்சி, இந்த மண்ணின் போரைக் காட்டாது.

தமிழில் விதிநூல் எழுத முன்வருவோர் ஐரோப்பியச் சமவெளிக்கு எழுதிய அட்டவணைகளை அப்படியே பெயர்க்காமல், ஏரி, நன்செய், பருவமழை, பொதிமாடு என்ற நான்கையும் முதல் பக்கத்திலேயே சேர்க்கட்டும்.