ஓடுகிற கடிகாரத்தின் நோய்

கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிற வரையில் அதற்கு யாதொரு குறையும் இல்லை என்பது நம்மவர்களிடையே வேரூன்றிப்போன அபிப்பிராயம். ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரங்களுக்குப் பெரிய சேதம் விளைவது, எண்ணெய் வற்றிய பின்னும் அவை விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேதான்.

என் தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து என் தகப்பனாருக்கு அளித்த சீக்கோ 5 கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. 1963-இல் ஜப்பானில் பிறந்து, கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த கடிகாரக் குடும்பம் அது. தினந்தோறும் சாவி கொடுக்கத் தேவையில்லை என்பதற்கு அடையாளமாக, அதன் திருகு நான்கு மணிக்கு நேரே உறைக்குள் சற்றுப் பதுங்கியிருக்கும். அணிந்தவர் கை வீசி நடக்கையில் உள்ளே அரைவட்டத் தகடான ரோட்டர் சுழல, அது எந்தத் திசையில் சுழன்றாலும் 'மேஜிக் லீவர்' என்னும் இரட்டைக் கொக்கி அந்தச் சுழற்சியை மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் சக்தியாக மாற்றிவிடுகிறது. முறுக்கு நிரம்பிவிட்டால் ஸ்பிரிங்கின் வெளிமுனை அறுந்துபோகாமல் அதை அடக்கிய டப்பாவின் சுவரில் வழுக்கிக்கொள்ளும்படி செய்திருக்கும் சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

"ஓடுற வாட்சைத்தான் சார் முதல்ல தெறந்து பாக்கணும்" என்றார், கண்ணில் லென்ஸைச் செருகியபடி, கடிகாரம் பழுதுபார்க்க நான் நம்பிப் போகும் பெரியவர். பின்மூடியைக் கழற்றி அவர் காட்டிய இடத்தில், எண்ணெய் இருந்த ஸ்தானத்தில் கருத்த பிசுக்கும், அதனுள் தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூளும் கலந்து கிடந்தன. பாலன்ஸ் சக்கரம் வினாடிக்கு 6 வீதம், மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 5,18,400 துடிப்பு. இத்தனை உழைப்பையும் தாங்குகிற, மயிரிழை போன்ற அச்சுமுனைகள் அந்தத் தூளிலே உராய்ந்தால் என்ன கதியாகும்!

அவர் யந்திரத்தை முழுவதும் பிரித்து, பெட்ரோலில் கழுவி, காயவைத்து, ஊசிமுனையால் எண்ணெய் இட்டார். விரைந்து துடிக்கும் பாலன்ஸுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாய் நகரும் சக்கரங்களுக்குக் கனத்தது, மெயின் ஸ்பிரிங்குக்கு கிரீஸ். பாலன்ஸைத் தட்டிவிடும் கவைக்கோலின் அச்சுகளுக்கோ ஒன்றும் இடாமல் உலர்வாகவே விட்டார். எண்ணெய் இடத் தெரிந்தவர் அநேகர். எங்கே இடக்கூடாதென்று தெரிந்தவரே தொழிலாளி என்பது என் துணிபு. பிறகு கடிகாரத்தை மல்லாத்தியும் கவிழ்த்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் ஓடவிட்டு, ஒவ்வொரு நிலையிலும் நேரம் பிசகுகிறதா என்று நிதானமாகப் பரீட்சித்தார்.

இத்தனை சிரத்தைக்கும் வெளியில் சாட்சி ஏதும் இல்லாதபடியால், செலவழித்தவர்கள் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பை விரும்பி, டயலுக்குப் புதுச்சாயம் பூசச் சொல்கிறார்கள். அது பெரும் அநியாயம். தொழிற்சாலையில் அச்சான நுண்ணிய எழுத்துகள் அழிந்து, தடித்துக் கோணிய எழுத்துகள் அவ்விடத்தில் வந்துவிட்டால், மூல முகம் திரும்பக் கிடைப்பதற்கு வழியே இல்லை. என் தகப்பனாரின் டயலில் ஓரம் பழுத்திருக்கிறது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சாயத்துக்கு ஆகக்கூடிய பணத்தில், வியர்வை உள்ளே புகாமல் பின்மூடியைக் காக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொன்னேன்.