பதினோரு ஜூரிகள் சொன்னதற்கு மதிப்பில்லையா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரண தண்டனைக் கைதி கென்னத் ஸ்மித்தை 2024 ஜனவரி 25 அன்று நைட்ரஜனைச் சுவாசிக்க வைத்துக் கொன்றுவிட்டார்கள். அவர் கட்டிலில் துடித்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்ன பிறகும், எதிர்பாராத எதுவும் நடக்கவில்லை என்றார்கள் அதிகாரிகள்.

வாயுவைப் பற்றிய வாதத்தில் இதைவிடப் பெரிய அநீதி அமுங்கிப்போனது. ஸ்மித்துக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை போதும் என்று 1996 மறுவிசாரணையில் 12 ஜூரிகளில் 11 பேர் சொன்னார்கள். குற்றம் கொடியது. 1988-இல் கடனில் மூழ்கிய ஒரு போதகர், கூலிக்கு ஆள்வைத்துத் தன் மனைவியையே கொல்லச் செய்தார்; அந்தக் கூலியாட்களில் ஒருவர் ஸ்மித். அதையெல்லாம் கேட்ட பிறகுதான் அந்த 11 பேரும் உயிரை விட்டுவைக்கச் சொன்னார்கள். ஒற்றை நீதிபதி அதைத் தள்ளி மரண தண்டனை விதித்தார். ஸ்மித்தின் கூட்டாளி வழக்கிலும் 10 ஜூரிகள் ஆயுள் தண்டனையே கேட்டார்கள். அவரும் 2010-இல் கொல்லப்பட்டார்.

ஜூரியை மீறும் அந்த அதிகாரத்தை அலபாமாவே 2017-இல் ஒழித்தது. ஆனால் பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாதாம். தவறென்று ஒப்புக்கொண்ட அதிகாரத்தைக் கொண்டு ஓர் உயிரை எடுக்க எப்படி மனம் வந்தது? இதே அலபாமாவில் கொலை வழக்கில் சிக்கிய வால்டர் மெக்மில்லியன் என்பவருக்கும் ஜூரிகள் ஆயுள் தண்டனைதான் பரிந்துரைத்தார்கள். நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். 1993-இல் அவர் குற்றமற்றவராக வெளியே வந்தார். இதைக் கண்ட மாநிலத்துக்குக் கொஞ்சமாவது தயக்கம் வந்திருக்க வேண்டாமா?

மரண தண்டனையை ஆதரிக்கும் கிறிஸ்தவர்கள் ஆதியாகமம் 9-ஐயும் ரோமர் 13-ஐயும் காட்டுகிறார்கள். அதே ஆதியாகமத்தில்தான், தம்பியைக் கொன்ற காயீனை எவரும் கொன்றுவிடாதபடி கர்த்தர் அடையாளம் போடுகிறார். மரண தண்டனையை ஆதரித்துத் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 2000-இல் நிறைவேற்றிய தீர்மானம்கூட அது நியாயமாக விதிக்கப்பட வேண்டும் என்றது. எந்தச் சூழலிலும் அதை ஏற்க முடியாது என்று 2018-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் மறைக்கல்வி ஏட்டையே திருத்தியது. சிறைக்குள் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் ஒருவன் மனந்திரும்பலாம் என்று நம்பாத விசுவாசம் என்ன விசுவாசம்?

அலபாமா ஆட்சியாளர்களின் பழைய கணக்கும் நமக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில், சாகும் நேரத்தில் இமாம் அருகே நிற்க வேண்டும் என்று கேட்ட முஸ்லிம் கைதிக்கு அதை மறுத்தார்கள். அறைக்குள் செல்ல அனுமதி சிறையின் கிறிஸ்தவ ஊழியருக்கு மட்டுமே இருந்தது. பிறகு எல்லா மதகுருமாருக்கும் கதவைச் சாத்தினார்கள். அதே ஆண்டு மே மாதம், உயிர் கடவுள் தந்த புனிதக் கொடை என்று சொல்லிக் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டு, மறுநாளே ஒருவரைக் கொன்றார்கள். 2022 நவம்பரில் இதே ஸ்மித்தைக் கட்டிப்போட்டு, ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் பல இடங்களில் குத்திவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். என்ன பிழை என்று ஆராயும் பொறுப்பைச் சிறைத்துறையிடமே கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதி!

ஜூரிகள் ஆயுள் தண்டனை கேட்டும் மரணக் கொட்டடியில் அடைபட்டிருப்போர் அலபாமாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் ஆட்சியாளர்கள் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஞாயிறுதோறும் அந்த ஆட்சியாளர்களோடு அமர்ந்து ஜெபிக்கும் சபைகளும் இனி வாய் திறந்தாக வேண்டும்.