உத்தரவுப்பத்திரத்தில் ஒரு பெயர்

ஆண்டுதோறும் மார்ச் மாதம் எட்டாந் திகதியன்று நமது பொதுமண்டபங்களிலே பெண்களுக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, சக்தியின் அவதாரங்கள் என்று பிரசங்கித்து, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுடன் அனுப்பிவைக்கும் வைபவத்தை நாம் பரிகசிக்க வரவில்லை. ஆயினும், அவ்வாறு கௌரவிக்கப்பெற்ற பெண்மணி வீடு திரும்பி, அவ்வீடு நிற்கின்ற காணியின் உத்தரவுப்பத்திரத்தை எடுத்துப் பார்ப்பாளாயின், அதிலே அவள் பெயர் இருக்குமா என்ற வினாவை அம்மண்டபத்திலே எவரும் எழுப்பாதது நமக்குப் பெருங்குறையாகவே படுகின்றது.

பசுபிக் மகாசமுத்திரத்திலே பொலினீசியா என வழங்கும் தீவுலகத்தின் தென்மேற்குக் கோடியான நியூசிலாந்தில், மாவோரி மக்கள் நன்றியுடன் நினைவுகூரும் பெண்மணிகள் இருவரை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1883 இல் பிறந்த தே புவேயா, அரச வம்சத்தைச் சேர்ந்தவராயினும், 1918 இன் விஷக்காய்ச்சலிலே பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்து, முந்திய நூற்றாண்டில் பிரித்தானியர் பறிமுதல் செய்த பூமியின் ஒரு துண்டை விலைக்கு வாங்கி, புதர் மண்டிக் கிடந்த அவ்விடத்திற்கு 1921 இல் தம் மக்களைக் கொண்டுசென்று குடியமர்த்தினார். ஃபீனா கூப்பரோ, தமது எழுபத்தொன்பதாவது வயதிலே, மாவோரி நிலத்தில் இனி ஓர் ஏக்கரும் பறிபோகலாகாது என்ற கோரிக்கையுடன், 1975 செப்டெம்பரில் வடகோடியிலுள்ள தே ஹாபுவாக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் நீண்ட பாதயாத்திரைக்குத் தலைமை தாங்கி, ஒக்ரோபர் 13 ஆந் திகதி வெலிங்ரன் நகரத்துப் பாராளுமன்ற வாயிலை அடைந்தார். இவ்விருவரின் கீர்த்தியையும் மண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

அக்கதை நமக்கு அந்நியமானதுமன்று. நமது கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பகுதியைச் சேர்ந்த இரணைதீவை விட்டு 1992 இல் வெளியேறி, முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகரிலே கால் நூற்றாண்டாகத் தம் தீவுக்குப் போக முடியாமல் இருந்த சனங்கள், 2017 மே முதலாந் திகதி தொடங்கி ஓராண்டளவு அறப்போராட்டம் நடத்தியும் முடிவு கிட்டாமையால், 2018 ஏப்ரில் 23 ஆந் திகதி வெள்ளைக்கொடி கட்டிய படகுகளிலே தாமே புறப்பட்டுப் போய்த் தம் மண்ணில் இறங்கினர். அப்போராட்டத்தின் முன்வரிசையிலே நின்றவர்கள் பெண்கள். ஆழமில்லாத கரைக்கடலிலே நடந்து கடலட்டையும் நண்டும் பிடித்து ஜீவனம் செய்தவர்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவிலே விமானப்படை முகாமுக்கு முன்னே ஒரு மாதம் பிள்ளைகளுடன் வீதியோரத்திலே படுத்துறங்கி, 2017 மார்ச் முதலாந் திகதி பிலவுக்குடியிருப்புக் காணிகளை மீட்ட தாய்மாரையும் இவர்களோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

முகமாலையிலே இவர்களுக்கும் அப்பால் ஒரு வகையினர் உளர். 2000 ஆம் ஆண்டு முதல் 2008 வரை இரு படைகளுக்கும் முன்னரங்காக இருந்த அந்தப் பூமியிலே, முகக்கவசம் அணிந்து, முழங்காலிலே நின்று, விறாண்டியால் மண்ணை விரல் விரலாக இழுத்து மிதிவெடி தேடும் வேலையை வன்னிக் கிராமத்துப் பெண்கள் செய்துவருகின்றனர். யுத்தத்திலே கணவனை இழந்து, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக இவ்வேலைக்கு வந்தோர் அவர்களுள் அநேகர். (இராஜராஜ சோழனின் வீரம் பற்றி மூன்று மணி நேரம் வாதிடும் நம்மூர்ப் பட்டிமன்றங்கள் இவ்வீரத்தைக் கண்டுகொள்ளாதது எதனாலோ, அறியோம்.) அவர்கள் சுத்தம் செய்து கொடுக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு குடும்பத்தின் கையிலே காணியாக மீள்கின்றது, அக்குடும்பத்தில் எவருடைய பெயரில் என்பதுதான் நமது விசாரம்.

இனி நமது உருத்திரபுரத்துக்கு வருவோம். 1920 இல் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் குடியேறிய இவ்வூரிலே, காடு வெட்டிய பெருமையை ஆண்களுக்குச் சொல்லும் நாம், நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அருவி வெட்டுக்குச் சோறு சமைத்ததும் யார் என்று கேட்பதில்லை. 1996 இலும் 2008 இலும் ஊர் முழுதும் இடம்பெயர்ந்தபோது, பொலித்தீன் பையிலே சுற்றிய உத்தரவுப்பத்திரத்தைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு மார்பிலே அணைத்துக்கொண்டு ஓடி, மெனிக் பாம் முகாம் வரை காத்து, திரும்பவும் கொண்டுவந்து சேர்த்தவள் பல வீடுகளில் தாய்தான். தன் பெயர் இல்லாத கடதாசியை உயிருக்கு நிகராக அவள் காத்தாள்.

அப்பெயர் இல்லாமற் போனது தற்செயலன்று. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம், பின்னுரித்தாளரை நியமியாது இறந்தவரின் காணி எவரைச் சேரும் என்று வரிசைப்படுத்தியபோது, புத்திரருக்குப் பின்னரே புத்திரியரையும், பேரருக்குப் பின்னரே பேத்தியரையும் வைத்தது. 2022 இல் வந்த திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது நன்றே. ஆனால் பின்னுரித்தாளராக மூத்த மகனையே பதியும் வழக்கத்தைச் சட்டம் தொடவில்லை.

பெண்பிள்ளை கலியாணம் முடித்து வேற்றூர் போய்விடுவாள், காணி கைமாறிவிடும் என்று பெரியவர்கள் ஆட்சேபிப்பர். இவ்வாதம் நம்மவர் வாயிலே பொருந்துவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நம் பாட்டன்மார் கொண்டுவந்த சம்பிரதாயப்படி வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் சென்றன; மருமகன்தான் அவ்வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். சொந்த உறுதிக்காணியிலே பெண்ணுக்கு இருந்த அந்தஸ்து, அரசாங்கக் குடியேற்றக் காணியிலே அவளுக்கு இல்லாமற் போனதை நாம் பழைய வழக்கம் என்று தவறாகப் பேணிவருகின்றோம். அச்சம்பிரதாயத்தின் சட்டவடிவான தேசவழமையும் குறையற்றதன்று; தன் சொந்தக் காணியை விற்பதற்கே மனைவி கணவனின் சம்மதத்தை வேண்டி நிற்க வேண்டியிருக்கின்றது.

ஆகவே, நமது கரைச்சிப் பிரதேசத்திலே அடுத்த காணிக் கச்சேரி கூடும்போது, புதிய உத்தரவுப்பத்திரங்களைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கவேண்டும் என்று நமது கமக்காரர் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் எழுத்திலே கோரவேண்டும். காலபோகத்துக்கு நீர் பங்கிடும் கூட்டத்திலே, வயலைத் தாமே செய்யும் பெண்கள், காணி எவர் பெயரில் இருப்பினும், அங்கத்தவராய் அமர்ந்து பேச இடமளிக்கவேண்டும். இவற்றுள் இரண்டாவதற்குக் கொழும்பின் அனுமதி எதுவும் வேண்டியதில்லை. வருகிற மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றலாம்.