மஞ்சள் இலைக்குச் சோதனை எங்கே?



உளுந்து மஞ்சளடிச்சா பூஞ்சண மருந்து வாங்கித் தெளிக்கிறோம். காசு கரைஞ்சதுதான் மிச்சம். மஞ்சள் தேமல் பூஞ்சணமல்ல, வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ. நோய் கண்ட செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது. பிடுங்கி அழிக்கணும், ஈயைக் கட்டுப்படுத்தணும், வம்பன் 8 போன்ற எதிர்ப்பு ரகம் விதைக்கணும்.

இரும்புச்சத்து குறைஞ்சாலும் இலை மஞ்சளாகும். தேமல் வைரசிலும் இரண்டு இனம் உண்டு. கண்ணால் பிரிக்க முடியாது. மரபணுச் சோதனைதான் காட்டும். கொரோனாவுக்கு மூக்கில் எடுத்தார்களே, அதே பிசிஆர் முறை.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வம்பன் வைரசின் மரபணுவை அலசி 2004-லேயே எழுதிவிட்டார்கள். அந்த அறிவு நம்ம வரப்புக்கு வரவேண்டாமா?

அரசே! காரியாபட்டி வட்டாரத்தில் இலை மாதிரி எடு! அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வழியாக இலவசமாகச் சோதித்து ஒரே வாரத்தில் முடிவு சொல்லு!

நோய் தெரியாமல் மருந்து வாங்கோம்! திரண்டு வாரீர்!

– செயலாளர், விவசாயிகள் சங்கம், மல்லாங்கிணறு