வீட்டில் தொட்டில், வாசலில் வண்டி

பிரசவம் பெண்ணுக்கு மறு ஜன்மம் என்று நம் முன்னோர்கள் சொல்லி வந்தார்கள். அதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். பிரசவ அறைக்குள் போய்த் திரும்பாத பெண்ணின் கதை அந்த நாளில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இன்று அந்தக் கதைகள் அருகிவிட்டன. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்திருக்கின்றன.

பயம் போன இடத்தில் ஏக்கம் வந்து உட்காருவது மனித சுபாவம். "எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றாள்" என்று பேரப் பிள்ளைகள் பெருமையுடன் சொல்வதை இப்போது கேட்கிறோம். பத்தில் எத்தனை பிழைத்தன என்று கேட்டால் மட்டும் பேச்சுச் சற்றுத் தடுமாறும். "மேல் நாடுகளில் படித்த ஸ்திரீகளே வீட்டில் பிள்ளை பெறுகிறார்களே!" என்பது அடுத்த வாதம். அது மெய்தான். ஆனால் அந்த நாடுகளில் குடும்பம் எப்படித் தயாராகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மெய் முழுமை பெறும். அதையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இவ்விஷயத்தில் பெயர் பெற்ற தேசம் ஹாலந்து என்று நாம் வழங்கிவரும் நெதர்லாந்து. 1960-களில் அங்கே மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வீட்டில் பிறந்தன. பிறகு அந்தப் பங்கு குறைந்துகொண்டே வந்து, இந்த நூற்றாண்டில் ஆறில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆயினும் வழக்கம் அற்றுப் போகவில்லை. காரணம், அந்நாட்டு மருத்துவச்சி பரம்பரைக் கைப்பழக்கத்தை மட்டும் நம்பித் தொழில் செய்பவள் அல்லள். 1865-ஆம் ஆண்டிலேயே அவளுடைய தொழிலுக்கு எல்லை வகுத்துச் சட்டம் செய்துவிட்டார்கள். இன்று அவள் நான்கு வருஷம் கல்லூரியில் படித்துத் தேறியவள்.

அவளுடைய முதல் வேலை, யார் வீட்டில் பெறலாம், யார் கூடாது என்று பிரிப்பது. இரட்டைக் குழந்தைகளா? குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருக்கிறதா? முந்திய பிரசவம் சிஸேரியனா? இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா? 37 வாரம் நிறையுமுன் வலி கண்டுவிட்டதா? 42 வாரமும் கடந்துவிட்டதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்று பதில் வந்தாலும் ஆஸ்பத்திரிதான். கெஞ்சிப் பேசி முடிவை மாற்ற முடியாது. இப்படிப் பிரித்தெடுத்த பிறகு, ஆபத்துக் குறைந்த 5,29,688 பிரசவங்களை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வீட்டில் பெற எண்ணியவர்களின் குழந்தைகளுக்கு அதனால் அதிக ஆபத்து நேரவில்லை என்று கண்டார்கள். மருத்துவச்சியின் படிப்பும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் செம்மையாக உள்ள நாட்டில் கண்ட முடிவு அது என்பதை மறந்துவிடலாகாது.

இனி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து, அதைச் சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். உதவிக்கு வருகிறவர்கள் முதுகு ஒடியக் குனிந்து நின்றால் கைவேலை பிசகும் அல்லவா? மெத்தையைக் காக்க நீர் புகாத விரிப்பு, சுத்தமான பஞ்சும் துணியும், கொடியைக் கவ்வும் இடுக்கி ஆகியவை அடங்கிய பெட்டி ஒன்று பல வாரங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிறந்த குழந்தை குளிரில் விறைத்துப் போகாமலிருக்க வெந்நீர்க் குப்பிகள் தயாராக இருக்கின்றன. நல்ல வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு; உஷ்ணமானி ஒன்று.

இவ்வளவும் சிரமமில்லாத வேலைகள். சாமான் வாங்குவதில் எந்தக் குடும்பத்துக்கும் உற்சாகம் உண்டு. இதற்குப் பிறகு வருவதுதான் கவனிக்கத்தக்கது. படுக்கையறையிலிருந்து தெரு வரையில் ஸ்ட்ரெச்சர் இறங்க வழியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஹாலந்தின் பழைய வீடுகளில் மாடிப்படிகள் ஏணி போலச் செங்குத்தானவை. ஆகையால் இந்தக் கேள்வி அங்கே விளையாட்டல்ல. நடைவழியில் உள்ள நாற்காலியும் சைக்கிளும் அகற்றப்படுகின்றன. வீட்டு எண் இரவில் தெரியும்படி விளக்குப் போடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய துணிமணிகளும் மருத்துவக் குறிப்புகளும் ஒரு பையில் அடைக்கப்பட்டு வாசற்கதவின் அருகே நிற்கின்றன. அவசர அழைப்பு வந்தால் 15 நிமிஷங்களுக்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர வேண்டும் என்பது அந்நாட்டு நியதி.

வீட்டில் பெறுவதற்குத் தயாராகும் குடும்பம் பாதி வேலையை வீட்டை விட்டுப் புறப்படுவதற்காகவே செய்கிறது. ஏன் என்பதற்கு இங்கிலாந்துக் கணக்கு விடை சொல்கிறது. ஆபத்துக் குறைந்த 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை அங்கே ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் பெற ஏற்பாடு செய்திருந்த தலைப்பிள்ளைத் தாய்மார்களில் நூற்றுக்கு 45 பேர், பிரசவ வலியின்போதோ பிரசவமான உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். முன்பே பெற்றவர்களில் இது நூற்றுக்கு 12. மாற்றப்பட்டவர்களில் பலருக்குப் பெரிய விபத்து ஒன்றும் நேரவில்லை. வலி நீண்டுகொண்டே போயிற்று, அவ்வளவுதான். எனினும் தலைப்பிள்ளைகளின் விஷயத்தில் மற்றொரு கணக்கும் வெளிவந்தது. குழந்தைக்குக் கடும் தீங்கு நேர்ந்தது ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் ஆயிரத்துக்கு 9.3. இரண்டாவது பிள்ளை முதல் அந்த வேற்றுமை காணப்படவில்லை. இதை மறைக்காமல் தாயிடம் சொல்லி, முடிவை அவளிடம் விடுகிறார்கள்.

ஆகவே, மனத்தைத் தயார் செய்வதே பெரிய வேலையாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது; தாயும் அப்படி எண்ணக்கூடாது. "இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று அன்பினால் சொல்லும் வார்த்தையும் அந்த வேளையில் விஷமாகிவிடும். புறப்படு என்று மருத்துவச்சி சொன்னால் புறப்பட வேண்டும். கணவனும் மாமியாரும் அப்போது கூடி ஆலோசிப்பதற்கு இடமில்லை. ஆலோசனையெல்லாம் ஏழாம் மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். வண்டிக்குச் சொல்பவர் யார், கூடப் போகிறவர் யார், மூத்த குழந்தையை அழைத்துப் போகிறவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் முன்கூட்டியே நியமிக்கப்படுகிறது.

இத்தனை அவசரம் எதற்கு? பிரசவமான பின் கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் பெருகும். நிறைமாதக் கருப்பைக்குள் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் ஓடுகிறது. மருத்துவச்சி தன் பையில் ஆக்ஸிடோஸின் ஊசி மருந்தைக் கொண்டு வருவது இதற்காகத்தான். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை தாமே மூச்சு விடும். விடாத சில குழந்தைகளுக்கு முதல் நிமிஷத்திலேயே முகமூடி வைத்துக் காற்றுச் செலுத்த வேண்டும். அந்தக் கருவியும் அதைக் கையாளப் பழகிய கையும் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டில் திருப்பூரில் ஓர் இளம் தாய்க்கு, வீடியோக்களைப் பார்த்துக் கற்றதைத் துணையாகக் கொண்டு வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, இரத்தப் பெருக்கில் தாய் இறந்தாள். அந்தக் குடும்பத்தாருக்கு அவளிடம் அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? ஊசி மருந்தும், அதைப் போடத் தெரிந்தவளும், வாசலில் வண்டியும் இல்லை. ஹாலந்தின் தொட்டிலை மட்டும் பார்த்து, அதைச் சுற்றி நிற்கும் காவலைப் பாராமலிருந்தால் நேரக்கூடியது இதுவே. வீட்டுப் பிரசவத்துக்கென்று பயின்ற மருத்துவச்சிகளின் ஏற்பாடு நம் ஊர்களில் இல்லை. ஆகையால் நம் பெண்கள் ஆஸ்பத்திரியில் பெறுவதே தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

அப்படியானால் ஹாலந்திலிருந்து நாம் கற்க ஒன்றுமில்லையா? நிறைய உண்டு. பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாட்களுக்குள், 24 மணி முதல் 80 மணி நேரம் வரையில், பயிற்சி பெற்ற ஒரு பெண் அங்கே வீட்டுக்கே வந்து உதவுகிறாள். ஆஸ்பத்திரியில் பெற்றவளுக்கும் இந்த உதவி உண்டு. தாயின் உஷ்ணத்தைப் பார்க்கிறாள், குழந்தையை நிறுக்கிறாள், பால் கொடுக்கக் கற்றுக் கொடுக்கிறாள், வந்தவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தால் நயமாக அனுப்பியும் வைக்கிறாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்களுக்கு, சர்க்கரைப் பாகு பூசிய சோம்பைத் தூவி ரஸ்கு கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் சர்க்கரை வழங்குவது போலத்தான்! நம் தாய் வீட்டு வழக்கத்திலும் இந்தப் பராமரிப்பு உண்டு. அதோடு உஷ்ணமானியையும் தராசையும் சேர்த்துக் கொள்வது நம் பாட்டிமார்களுக்கு அகௌரவம் ஆகாது.

ஆஸ்பத்திரியில் பெறப் போகும் குடும்பத்துக்கும் அந்த ஏழாம் மாத ஆலோசனை அவசியம். எந்த ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணிக்கு எந்த வண்டி, இரத்தம் கொடுக்க யார் யார், பை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 108 என்ற எண்ணைத் தாத்தாவுக்கும் சொல்லி வையுங்கள். எல்லா ஏற்பாட்டையும் மீறி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டால், அதை நன்றாகத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து, இருவரையும் போர்த்தி வைக்க வேண்டும். கொடியைப் பிடித்து இழுக்கவோ அறுக்கவோ கூடாது. தொலைபேசியில் பேசுகிறவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும்.

சீமந்தத்தன்று வளையல் அடுக்குவதற்கும் பலகாரம் செய்வதற்கும் வீடு முழுவதும் கூடுகிறது. கூடியவர்கள் அன்றைக்கே ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து இவற்றையும் பேசி முடிக்கலாம். தொட்டில் கட்டும் கைகளே வண்டிக்கும் சொல்லி வைக்கட்டும்.